பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பற்றிய புகார்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் அதே முறைப்படி நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், நான் வைத்துவிடுவேன், விஷயம் அந்தரத்தில் நிற்கும். கடிதத்தில் நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தோற்றுவிட்டேன். வருகிற இருபதாம் தேதி, சனிக்கிழமை காலை, சாமான் ஏற்றும் வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நீ இங்கே வந்து சேர வேண்டும். வீட்டைக் காலி செய்துவிட்டு என் மகன், அதாவது உன் மருமகன், வீட்டோடு போய்விடுகிறேன். அவன் வீட்டுப் பின்னறையில், துணி காயப்போடும் கம்பிக்கு நேர் கீழே, எனக்கு ஒரு கட்டில் தயாராக இருக்கிறதாம். ஈரத் துணி சொட்டுமா என்று கேட்டேன். "மழைக்காலத்துல மட்டும்தாம்பா" என்றான். என் மகன் பொய் சொல்ல மாட்டான், அந்த ஒரு குறைதான் அவனிடம். போன மாதம் இங்கே வந்தபோதும் அப்படித்தான், உன் எதிரிலேயே, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டான்: "அம்மாவும் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல இனிமே உங்களைத் தேடி யாருப்பா வரப்போறா?" வருவார்கள் என்றேன். "யாரு?" என்றான். நான் யோசித்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைத் தவிர ஒருவரும் நினைவுக்கு வரவில்லை, அவரும் வாசலோடு போய்விடுகிறவர். அந்த நேரம் பார்த்து நீ வாயைத் திறந்தாய். "அத்தான், ஒரு வெளையாட்டு இருக்கு" என்றாய். அன்றைக்கு உன் வாயில் யாராவது ஒரு துணியை அடைத்திருந்தால் நான் இப்போது இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நீ ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டுப் போன விளையாட்டை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் அது உன் தப்பு. ஜியோகேச்சிங் என்று பெயர். ஒரு சின்னப் பெட்டியில் ஒரு நோட்டைப் போட்டு ஊருக்குள் எங்காவது ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைப் போனில் இருக்கும் பட்டியலில் ஏற்றிவிட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு தேடி வந்து, பெட்டியை எடுத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். கையெழுத்து என்றதும் எனக்குச் சபலம் தட்டிவிட்டது. முப்பத்துநாலு வருடம் தொழிற்சாலை ஸ்டோரில் கையெழுத்து வாங்கியே ஓய்வு பெற்றவன் நான். உடனே மகனிடம் சவால் விட்டேன். "நாப்பது நாள் குடு. ஒருத்தராவது தேடி வந்து கையெழுத்துப் போட்டா நான் இங்கயேதான் இருப்பேன். ஒருத்தரும் வரலேன்னா வாயை மூடிக்கிட்டு உன்கூட வந்துடறேன்." அவன் "சரி" என்றான். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம்.

இன்று முப்பத்தேழாவது நாள். நோட்டில் ஒரு கையெழுத்து இல்லை. முப்பத்தேழு நாளில் வராதவர்கள் மூன்று நாளில் வந்து கிழித்துவிடப் போவதில்லை. அதனால் இன்று காலையிலிருந்து வெளியே போகாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தையும் சாமான் பட்டியலையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டியல் பதினோரு பக்கம் வரும் போலிருக்கிறது. நடந்த கூத்தை வரிசையாகச் சொல்கிறேன், உனக்கும் ஒரு பங்கு குற்றவுணர்ச்சி வர வேண்டும்.

முதலில் பெட்டி. நல்ல தகரப் பெட்டி ஒன்று எடுத்து, துரு எடுத்து, பெயின்ட் அடித்து, பித்தளைப் பூட்டும் போட்டேன். பூட்டில்லாத பெட்டியை வெளியே வைக்க என் கை வரவில்லை. "சாவி வேண்டுவோர் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிக்குள், அடையாள அட்டையுடன், என் வீட்டில் வந்து பெற்றுக்கொள்ளவும்; மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை இடைவேளை" என்று பட்டியலில் குறிப்பும் போட்டேன். பட்டியலில் ஏறுவதற்கு முன் அதைச் சரிபார்க்கத் தன்னார்வலர் ஒருவர் இருக்கிறார், 'கழுகுக்கண்' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். (இந்த விளையாட்டில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எனக்கு நீ 'புயல்' என்று பதிந்துவிட்டுப் போயிருக்கிறாய். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவனுக்கு வைக்கிற பெயரா அது?) கழுகுக்கண் மிகவும் மரியாதையாக எழுதினார்: "புயல் அவர்களே, பூட்டு வேண்டாம். இது புதையல், கருவூலம் அல்ல." பூட்டைக் கழற்றினேன். மனசே இல்லாமல்தான் கழற்றினேன்.

அடுத்தது இடம். வாய்க்கால் ஓர நடைபாதையில், பாலத்துக்கு இந்தப் பக்கம், சுவரை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருக்கிறதே, அதுதான். அந்த இடத்தை ஏன் பிடித்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் நடக்கச் சொன்ன நாட்களில் உன் அக்கா அங்கே வந்ததும், "ரெண்டே நிமிஷம்" என்று உட்கார்ந்துவிடுவாள். ரெண்டு நிமிடம் அரை மணி நேரம் ஆகும். நான் பக்கத்தில் நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒருநாள்கூட நான் கூட உட்கார்ந்ததில்லை, தம்பி. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன், பதில் எழுத வேண்டாம். பெஞ்சின் பின்கால்களுக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டி கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது, முன்னால் ஒரு செங்கல்லும் வைத்தேன். பாதையைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரரிடம் அனுமதியும் வாங்கினேன். எழுத்து மூலம்தான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உள்ளே வைக்க நோட்டு வேண்டும். வீட்டில் இருந்த நோட்டுகளில் பெட்டிக்கு அளவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், உன் அக்காவின் நீல அட்டை நோட்டு. எதற்கு வாங்கினாளோ தெரியாது, ஒரு வரிகூட எழுதவில்லை. முதல் பக்கத்தில் மட்டும் கொட்டை எழுத்தில், "இந்த நோட்டை யாரும் தொடக் கூடாது. முக்கியமாக நீங்கள்" என்று எழுதியிருந்தாள். அந்த 'நீங்கள்' நான்தான். கையில் அகப்பட்ட காகிதத்திலெல்லாம் ஆணி எத்தனை, பல்பு எத்தனை என்று பட்டியல் போடுவது என் வழக்கம், அதற்காக. இரண்டு வருடம் அவள் சொன்னபடி தொடாமல்தான் வைத்திருந்தேன். கடைசியில் எடுத்தேன். ஊர்க்காரர்கள் யாராவது எழுதினால் நான் எழுதியதாகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெட்டியை வைத்த மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தது. தெரு கூட்டுகிற அம்மா, கையில் என் பெட்டி. "சார், வாய்க்கா ஓரம் கெடந்துச்சு. ஒங்க அட்ரஸ் எழுதியிருந்துச்சு, அதான் எடுத்தாந்தேன்." ஸ்டோர் சாமான் எதுவானாலும் வெள்ளை பெயின்டில் உரிமையாளர் விலாசம் எழுதுவது கைப்பழக்கம், மூடியில் பெரிதாக எழுதிவிட்டிருந்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு மறுபடி கொண்டுபோய் வைத்தேன். மறுநாளும் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் அவர் முகம் வாடிவிட்டது. "வயசானா இப்படித்தான் சார் மறதி வரும். எங்க மாமனாரும் செருப்பை அங்கங்க வுட்டுட்டு வருவாரு. வூட்ல ஆளுங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றே விலாசத்தைச் சுரண்டி எடுத்தேன்.

பிறகு எண்கள். இதில் நான் செய்த தவறை ஒப்புக்கொள்கிறேன். சாமான் ஸ்டோரை விட்டு வெளியே போவதற்கு முன்னாலேயே பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்பது முப்பத்துநாலு வருடப் பழக்கம். அதனால் பெட்டியைச் சமையலறை மேஜைமேல் வைத்து, போனைப் பக்கத்தில் வைத்து, அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்து முடித்த பிறகுதான் பெட்டியைப் பெஞ்சுக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்குள் அளந்ததால் எண்ணும் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் காத்திருப்பு அறையைக் காட்டியிருக்கிறது. 'ஒற்றைச் செருப்பு' என்ற பெயருள்ள ஒருவர் அங்கே போய், நாற்காலிகளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவியிருக்கிறார். நர்ஸம்மா என்ன வேண்டும் என்று கேட்டதற்கு விளையாட்டில் சேராத வெளியாட்களிடம் உண்மையைச் சொல்லக் கூடாதே என்று, "பல்லு வலி" என்று சொல்லிவிட்டாராம். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கித்தான் வெளியே விட்டார்கள். "பெட்டி கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பல் உண்மையிலேயே சொத்தைதான்" என்று போனில் எழுதியிருந்தார். பெருந்தன்மையான மனிதர். எண்ணைத் திருத்தினேன். அதற்குள் பதிமூன்று நாள் போயிருந்தது.

இனி ஒரு தப்பும் நடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். விளையாட்டின் விதியிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறது, வெளியாட்கள் கண்ணில் பெட்டி படக் கூடாது. படாமல் பார்த்துக்கொள்வது உடைமைக்காரனின் பொறுப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்குப் பிளாஸ்க்கில் டீயோடு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தால், மதியம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், பிறகு மாலை ஆறு வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல். தேடுகிறவர் வந்தால் எப்படி வருவார் என்று எனக்குத் தெரியும்: கையில் ஒரு கருவி, காகிதத்தில் எண், நேராக வந்து, "இன்ன பெட்டி இங்கே இருக்கிறதா?" என்று கேட்பார். ஸ்டோர் கவுன்டருக்கு வருகிறவன் இன்ன சாமான் வேண்டும் என்று எழுதிய இண்டென்ட் சீட்டை நீட்டிக் கேட்பான், கேட்டால்தான் கிடைக்கும். சாமான் வேண்டும் என்றால் வாயைத் திறந்து கேட்பதுதானே உலக வழக்கம்?

ஒருவரும் கேட்கவில்லை. மாறாக, இந்த ஊரில் எத்தனை பேருக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்பது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பெண், முதுகில் பை, பெஞ்சுக்கு முன்னால் குனிந்து பத்து நிமிடம் ஷூ லேஸ் கட்டினாள். அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். என்னம்மா என்று கேட்டேன். "பஸ்ஸுக்கு வெயிட் பண்றேன் அங்கிள்" என்றாள். வாய்க்கால் ஓரப் பாதையில் பஸ் எங்கிருந்து வரும்? பாவம், ஊருக்குப் புதிது போலிருக்கிறது என்று, பாலத்தைத் தாண்டி, இரண்டாவது தெருவில் திரும்பி, மருந்துக்கடைக்கு எதிரே நிற்கச் சொல்லி, புரிகிற மட்டும் மூன்று தடவை விளக்கினேன். மறுநாளும் வந்து அதே இடத்தில் நின்றாள். நானும் மறுபடி விளக்கினேன். இன்னொரு நாள் ஒரு ஜோடி. பெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் வெறும் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்கள். "சார், நீங்க ஒரு நிமிஷம் எழுந்து அந்தப் பக்கம் நின்னீங்கன்னா நல்லா இருக்கும்" என்றான் பையன். "பரவால்லப்பா, நான் படத்துல விழுந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றேன். என்னை வைத்து நாலு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒரு நாய்க்காரர். "நாய்க்கு மூச்சு வாங்குது சார், செத்த நேரம் இங்க உக்காரட்டுமே" என்பார். நாய் கிண்ணென்று இருந்தது, மூச்சு வாங்கியது அவருக்குத்தான். எல்லோருடைய கண்ணும் பெஞ்சுக்கு அடியிலேயே மேய்வதைக் கவனித்துவிட்டேன். பெட்டியைத் திருடப் பார்க்கிறார்கள் என்று சந்தேகம் வலுத்தது. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டையும் டப்பாவில் கட்டிக்கொண்டு போய்விட்டேன்.

இப்போது அசல் புகாருக்கு வருகிறேன். இதற்காகத்தான் வயிறு எரிகிறது. பட்டியலுக்குக் கீழே, தேடி வந்து கிடைக்காமல் போனவர்கள் போனில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். இருபத்தொன்றாம் நாளிலிருந்து ஒரே பல்லவி: "பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், தேட முடியவில்லை." "இன்றும் அதே பெரியவர்." "மூன்று முறை போய்விட்டேன். அந்தப் பெரியவர் நகர்வதாக இல்லை. பாவம், வீட்டில் யாரும் இல்லை போலிருக்கிறது." இப்படி ஒன்பது குறிப்பு. எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை நான் அங்கேயேதான் இருக்கிறேன். என் கண்ணில் எந்தக் கிழவனும் படவில்லை! நான் சாப்பிடப் போன நேரத்தில் வந்து உட்கார்ந்தானோ, ஆறு மணிக்கு மேல் வருகிறானோ தெரியாது. அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க ஏழு மணி வரைகூட இருந்து பார்த்தேன். அவன் நிலைமையை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. வீட்டில் பேச ஆளில்லாமல் எங்கேயோ போய் உட்காருகிறான், புரிகிறது. அதற்காகத் தன் சோகத்தை எல்லாம் இன்னொருவன் பெட்டிமேல் கொண்டுவந்து இறக்கி வைக்கலாமா? ஊரில் வேறு பெஞ்சா இல்லை? முகம் தெரியாத அந்த ஒரு மனிதனால் தேடி வந்தவர்கள் ஒன்பது தடவை திரும்பிப் போயிருக்கிறார்கள், நான் வீட்டை விட்டுப் போகிறேன். பெரியவரை அப்புறப்படுத்தும்படி கழுகுக்கண்ணுக்கு எழுதினேன். "புயல் அவர்களே, நீங்கள் ஒருமுறை அந்தப் பெஞ்சுக்குப் போய் நிதானமாக உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்" என்று பதில் போட்டார். அதைத்தானே ஐயா நான் தினமும் செய்துகொண்டிருக்கிறேன்!

எனவே முடிந்தது. இருபதாம் தேதி வண்டியோடு வா. கட்டிலைப் பிரிக்கத் திருப்புளி எடுத்து வை, என்னுடையது பட்டியலில் ஏறிவிட்டது, இனி எடுக்க முடியாது. உன் அக்காவின் அலமாரியை மட்டும் நீயே தூக்கு, கூலியாளிடம் கொடுக்காதே. பின்னறையில் அதற்கு இடமில்லை என்று மகன் சொல்லிவிட்டான், உன் வீட்டில் ஒரு மூலையில் போட்டுக்கொள். மருமகனிடம் நீயே சொல்லிவிடு, 'உங்கப்பா தோற்றுவிட்டார், தேடி ஒருத்தரும் வரவில்லை' என்று. நான் சொன்னால் அவன் "விடுங்கப்பா" என்பான், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். உனக்கு வயதாகும்போது உன் மகன்கள் உன்னிடம் கொஞ்சமாவது பொய் சொல்லப் பழகியிருக்க வேண்டும். இது என் மனப்பூர்வமான ஆசி.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இதுவரை படித்ததுமே வண்டி சொல்லிவிட்டாயா? சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

கடிதமும் பட்டியலும் முடிக்க மூன்று நாள் ஆகிவிட்டது. மூன்று நாளும் நான் வாசற்படி இறங்கவில்லை. இன்று நாற்பதாம் நாள், பெட்டியையாவது எடுத்துவந்துவிடலாம் என்று மாலை போனேன். செங்கல் இடம் மாறியிருந்தது. நோட்டைத் திறந்தேன். உன் அக்கா எழுதிய வரிக்குக் கீழே, "மன்னிக்கணும் அம்மா, தொட்டுவிட்டேன்" என்று ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே, "நீங்கள் சொல்வது என்னை இல்லை என்று நினைக்கிறேன், நான் இன்றுதான் வருகிறேன்" என்று இன்னொன்று. "நானும் தொட்டேன், என் நாயும் தொட்டது" என்று ஒன்று, பக்கத்தில் சேற்றுக் கால் தடம். ஒற்றைச் செருப்பும் வந்திருக்கிறார், மீதிப் பற்கள் சௌக்கியமாம். மொத்தம் ஏழு கையெழுத்து. எல்லாம் இந்த மூன்று நாளில்.

போனையும் பார்த்தேன். கடைசிக் குறிப்பு, 'மூன்றாம் மாடி' என்கிற பெண் எழுதியது, அப்படியே தருகிறேன்: "பெஞ்ச் காலியாக இருந்தது, பெட்டியை ஒரே நிமிடத்தில் எடுத்துவிட்டேன். ஆனால் சந்தோஷமாக இல்லை. அந்தப் பெரியவரை மூன்று நாளாகக் காணோம். அங்கே பஸ் வராது என்று இரண்டு நாளும் எனக்கு அவ்வளவு பொறுமையாக வழி சொன்னவர். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தேடிப் பார்த்தேன், யாருக்கும் அவர் வீடு தெரியவில்லை. புயல், உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

தம்பி, பஸ் விஷயம் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தும்விட்டேன், யாராவது தேடி வந்துவிட்டால் என்ன செய்வது. நின்றபடியே பதில் போட்டேன்: "தெரியும். நலமாக இருக்கிறார். கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்."

இதோடு வைத்திருக்கும் சாமான் பட்டியலைத் திருப்பி அனுப்பு, பின்பக்கம் பதினொன்றும் காலியாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் குறிப்பை மட்டும் நல்ல காகிதத்தில் ஒரு நகல் எடுத்து, "தேடிப் பார்த்தேன்" என்ற இடத்தில் அடிக்கோடு போட்டு, உன் மருமகனிடம் நேரில் கொடு. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க மறந்துவிடாதே.